அலாஸ்கா கிராமப் பள்ளி, குளிர்காலம்: இன்னும் மனசுல நிக்கிற ஒண்ணைப் போடுங்க

ஆத்துவளைவு:
குஸ்கோக்விம் ஆத்துக் கரை, யூப்பிக் (அங்கத்து பூர்வகுடி) பிள்ளைங்க, மூணாம் வகுப்பு. "புரிஞ்சுதா?"ன்னு கேட்டா சத்தமே வராது. மறுபடி கேட்டாலும் வராது. ஆனா ஒரு பொண்ணு ரெண்டு தரமும் பதில் சொல்லிட்டா: புருவத்தை லேசா தூக்கி இறக்கினா, அதான் "ஆமா". மூக்கைச் சுருக்கினா "இல்ல". மூணாவது தரம் டீச்சர் குரல் ஏறினதும், ரெண்டு விரலால புருவத்தைப் பிடிச்சு மேல தள்ளிக் காட்டிச்சாம். வகுப்பே சிரிச்சிருச்சு.

புதுசா வர்றவங்க போர்டைப் பார்த்துக்கிட்டே கேள்வி கேக்கறதால, பாதி பதில் அவங்க முதுகுக்குத்தான் போகுது. திரும்பி நின்னு கேளுங்க. கேட்டுட்டு அஞ்சாறு நொடி வாயை மூடிக்கிட்டு இருங்க. "என் கண்ணைப் பார்த்துப் பேசு"ன்னு அதட்டாதீங்க, அங்க பெரியவங்க கண்ணை நேரா பார்க்காம இருக்கறதே மரியாதையா இருக்கலாம்.

டொயோகாவலன்:
நமக்கு டொயோ அடுப்புதான், எண்ணெய்ல எரிஞ்சு மின்விசிறியால வீட்டைச் சூடாக்கற அடுப்பு. ராத்திரி ரெண்டு மணி, வெளிய மைனஸ் 40 (இங்க ஃபாரன்ஹீட்டா செல்சியஸான்னு கேக்கவே வேணாம், ரெண்டும் ஒண்ணு), மின்விசிறிச் சத்தம் திடீர்னு நிக்கும். அந்த அமைதியிலதான் முழிப்பு வரும்.

முதல்ல வெளிச்சுவர்ல நீட்டிட்டிருக்கற அடுப்போட புகைக்குழாயைப் பாருங்க. இந்த ஆத்து டெல்டாவுல பெரும்பாலும் மரம் கிடையாது. காத்து பனியை வாரிக் கொண்டுவந்து சுவர்லயே குவிச்சிடும். குழாய் மூடினா அடுப்பு தானா அணைஞ்சிடும். ஒரு கை நீளத்துக்குச் சுத்திலும் பனியைத் தள்ளிட்டு, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போடுங்க. அப்பவும் எரியலன்னா எண்ணெய்ல தண்ணி இருக்கலாம். டேங்க் அடியில தங்கற தண்ணி, எண்ணெய் வர்ற வெளிக்குழாய் வளைவுலயோ வடிகட்டியிலயோ கட்டியாயிடும். ஹேர் டிரையர்தான் வைத்தியம், தீப்பந்தம் வேணாம். கோடையிலயே அடித்தண்ணியை வடிச்சுட்டு டேங்கை நிரப்பி வெச்சுட்டா, உள்ள வேர்த்து தண்ணி சேர்றது குறையும். எண்ணெய் நம்பர் 1-ஆ இருக்கணும். நம்பர் 2 இந்தக் குளிர்ல கூழாயிடும்.

அப்புறம், தண்ணிக் குழாய் உறையாம இருக்க ராத்திரி முழுக்கச் சொட்டு விட்டு வைங்க.

குழாயடி:
டொயோகாவலன் அண்ணே, அடுப்பு விஷயம் சரி. சொட்டு விஷயத்துல ஊரைக் கெடுக்காதீங்க. சொட்டு விட்டா வர்ற குழாய் பொழைக்கும், போற குழாய் செத்துடும். மெல்லிசா ஓடற தண்ணி கழிவுக்குழாய்ல ஒட்டி ஒட்டி உறைஞ்சு, மெழுகுவத்தி மாதிரி உள்ளயே தடிச்சு அடைச்சிடும். கீழ நிலம் நிரந்தரமா உறைஞ்சிருக்கறதால பல ஊர்ல குழாயே தரைக்கு மேலதான் போகுது. லாரியில தண்ணி வர்ற வீடா இருந்தா, சொட்டுல டேங்கும் காலியாகும்.

பதிலா, சிங்க் அடியில இருக்கற கதவைத் திறந்து வைங்க. குழாய்ல சுத்தியிருக்கற சூட்டுக்கம்பிக்கு மின்சாரம் போகுதான்னு அக்டோபர்லயே பார்த்துடுங்க. குழாய் வசதியே இல்லாத ஊர்னா ஹனி பக்கெட்தான், அதாவது கழிப்பறைக்குப் பதிலா வாளி: 5 கேலன் வாளி, உள்ள பை. மூணுல ரெண்டு பங்குக்கு மேல ரொப்பாதீங்க. குளிர் வராந்தாவுல வெச்சா உறைஞ்சு, பை வாளியை விட்டு வராம கிழியும். யாருக்கும் அந்தக் காலைப்பொழுது வேணாம்.

தபால்மூட்டை:
யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன். கடைச் சாமானை ஆங்கரேஜ்லேருந்து தபால்லதான் அனுப்பணும். பெரிய பிளாஸ்டிக் டோட் (மூடி போட்ட பெட்டி), மூடி ஓரத்துல ஓட்டை போட்டு ஜிப் டை, மேல டேப். முகவரி வெளியிலயும் எழுதணும், உள்ள ஒரு சீட்டுலயும் எழுதிப் போடணும். எடை 70 பவுண்டைத் தாண்டினா தபால்காரங்க எடுக்க மாட்டாங்க, அதனால அரிசியை ஒரே டோட்ல போடாம ரெண்டு மூணுல பிரிச்சு, மேல இடத்தை நூடுல்ஸ் மாதிரி லேசான சாமானால அடைங்க. உருளை, வெங்காயம் வேணவே வேணாம். நடுவுல சூடில்லாத கிடங்குல கிடந்து உறைஞ்சா, இளகினதும் தண்ணியா ஒழுகும். கண்ணாடி பாட்டில் வெடிக்கும். முட்டைக்குப் பவுடர். சின்ன விமானம் வானிலை பார்த்துத்தான் இறங்கும், நாலஞ்சு நாள் வராமலும் போகும். மூணு வாரம் முன்னாடியே ஆர்டர் போடுங்க, மாத்திரை எப்பவும் ரெண்டு வாரத்துக்குக் கையில இருக்கட்டும். ஆறு உறையத் தொடங்கற நாட்கள்தான் ரொம்பக் கஷ்டம்: படகும் போகாது, ஸ்னோ மெஷினும் (பனிமேல ஓடற வண்டி) போகாது. ஸ்னோமொபைல்னு சொல்லாதீங்க, பிள்ளைங்க சிரிப்பாங்க.

டொயோகாவலன்:
குழாயடி சொல்றது சரிதான். கழிவுக்குழாயை நான் யோசிக்கல, சொட்டு வேணாம்.

ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. கரண்ட் போனா டொயோவும் போச்சு, எண்ணெய் இருந்தும் எரியாது. கேஸ் அடுப்பைத் திறந்து வெச்சு வீட்டைச் சூடாக்கிடாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது. பள்ளிக்கூடத்துல ஜெனரேட்டர் இருந்தா நேரா அங்க போயிடுங்க. கூடைப்பந்து ஆட வெளியூர்லேருந்து வர்ற பிள்ளைங்களே பள்ளித் தரையிலதான் தூங்கறாங்க. ஸ்லீப்பிங் பேக் கதவு பக்கத்துல இருக்கட்டும், பள்ளிச் சாவி உள் சட்டைப் பையில.