புதுப்பிப்பு: கதவடிப் பட்டைக்குப் பொருந்திய டச்-அப் பெயின்ட்

காரின் கதவுக்குக் கீழே ஓடும் சாம்பல் நிற பிளாஸ்டிக் பட்டையில் விழுந்த கீறலுக்கு எந்த பெயின்ட் பொருந்தும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கை கொடுத்தது, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கார் பாடியின் கதவுத் தூணில் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்கச் சொன்ன யோசனைதான். பாடிக்கு ஒரு நிறக் குறியீடு, பட்டைக்குத் தனியாக இன்னொன்று என்று அதில் இரண்டு இருந்தன, இரண்டாவதைச் சொல்லித்தான் வாங்கினேன். பிளாஸ்டிக் பிரைமர் (பெயின்ட் ஒட்டிக்கொள்ள முதலில் அடிக்கும் பூச்சு) அடித்து, காய்ந்த பிறகு குப்பியை நன்றாகக் குலுக்கி மெல்லிசாகச் சில பூச்சு. ஈரத்தில் நிறம் வெளிறித்தான் தெரிந்தது, பயப்படாதீர்கள், காய்ந்ததும் சரியாக அடங்கிவிட்டது.

எதிர்பாராத விஷயம் பளபளப்பு. பட்டை மேட் ரகம், அதாவது பளபளக்காதது; சாதாரண கிளியர் கோட் எனும் நிறமில்லாத மேல்பூச்சை அட்டையில் பூசி வைத்துப் பார்த்தால் நிறம் ஒன்றாக இருந்தும் மினுமினுவென்று தனியாகத் தெரிந்தது. அப்புறம் மேட் கிளியர் வாங்கி அடித்தேன், இப்போது வெயிலில் குனிந்து பார்த்தாலும் கீறல் இருந்த இடம் தெரியவில்லை.