வடக்குத் தெரு குடும்பம்: கதர் துண்டு விவகாரம்

ஞாயிறு

சிவகாமி, காலை 6:04: எல்லாருக்கும் வணக்கம் 🙏 கைலாஷ் மலைக்கும் மானசரோவர் ஏரிக்கும் 11ஆம் தேதி கிளம்புதோம். லாசாவுல ஒரு நாள் மத்தியானம் ஒரு திபெத்தியர் வீட்டுல சாப்பாடு ஏற்பாடு பண்ணிருக்காவளாம். வெறுங்கையோட எப்படிப் போறது? என்ன கொண்டுபோகணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க

லட்சுமி: ரவிக்கைத் துணி, வெத்தல பாக்கு, மஞ்ச குங்குமம்

பாலா: லாசாவுல வெத்தலையா அத்தை

லட்சுமி: வழக்கத்த சொன்னேன்டா

சங்கரன், 6:31: அக்காவுக்குப் பணிவான வணக்கம். திபெத்தில் யாரைப் பார்க்கப் போனாலும் முதலில் கொடுப்பது கதாக். வெள்ளை நிற நீளத் துணி. பட்டிலும் உண்டு, இப்போது பெரும்பாலும் செயற்கை நூல்தான். இரண்டு உள்ளங்கையும் மேலே பார்த்தபடி விரித்து, அதன் மேல் துணியைப் போட்டு, சற்றுக் குனிந்து நீட்ட வேண்டும். ஒரு கையால் கொடுக்கக் கூடாது. லாமா, வயதில் மூத்தவர் என்றால் அவர் கையில் கொடுக்க வேண்டும், நாமாகக் கழுத்தில் போட்டுவிடக் கூடாது. லாமா அதையே வாங்கித் திருப்பி நம் கழுத்தில் போடுவார். ‘நான் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டாரே’ என்று அக்கா வருந்த வேண்டாம், அதுதான் ஆசீர்வாதம். சம வயதினர், இளையவர் என்றால் கழுத்தில் போடலாம்.

லட்சுமி: கதரா?

கோமதி: இங்க கதர் கடையில தள்ளுபடி போட்டிருக்கான். நாலு துண்டு வாங்கிரட்டா மதினி?

மீனா: கதர் இல்ல அத்தை. கதாக். லாசாவுல பார்க்கோர் தெருவுல கடைக்குக் கடை தொங்கும், விலையும் கம்மி. இங்கேருந்து எதுவும் வேண்டாம்

கோமதி: கதரும் வெள்ளதான

மீனா: 🤦

ஆறுமுகம்: மஞ்சள் நிறத்துல ஒண்ணு பார்த்தேனே படத்துல

சங்கரன்: அத்தான், நல்ல கேள்வி. பல நிறங்கள் உண்டு. ஆனால் வெள்ளை வாங்கினால் எங்கும் தப்பாகாது. நமக்குப் போட்ட கதாக்கைக் கழற்றித் தரையில் போடக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. மடித்து வைத்துக்கொள்ளலாம், அல்லது பாலத்திலோ கணவாய் உச்சியிலோ உயரமாகக் கட்டிவிடலாம்.

லட்சுமி: சரி அது இருக்கட்டும். பதினஞ்சு நாளைக்கு ஆச்சி யார் வீட்டுல?

பாலா: கதாக் போக வேற என்ன குடுக்கலாம்?

மீனா: பழம், பிஸ்கட், குழந்தைங்க இருந்தா முந்திரி. இங்கேருந்து நல்ல ஏலக்காய் கால் கிலோ. அது போதும் பெரியம்மா

லட்சுமி: நான் கேட்டது யாருக்கும் கேக்கலையோ

சிவகாமி, 7:15: அங்க வெண்ணெய் போட்ட உப்பு டீ குடுப்பாவளாமே. இவுக இப்பமே மூஞ்சிய சுளிக்காவ

மீனா: டீன்னு நினைச்சா இறங்காது பெரியப்பா. ரசம்னு நினைச்சு குடிங்க, இறங்கிரும்

ஆறுமுகம்: ரசத்துல யாரு வெண்ணெய் போட்டா

சங்கரன், 7:40: அதன் பெயர் போ ச்சா. கட்டித் தேயிலையை உடைத்து நெடுநேரம் கொதிக்கவிட்டுக் கறுப்பாகச் சாறு எடுத்து வைத்துக்கொள்வார்கள். தேவைப்படும்போது அந்தச் சாறு, வெந்நீர், வெண்ணெய், உப்பு எல்லாவற்றையும் தோங்மோ என்ற நீள மரக் குழாயில் ஊற்றிக் கட்டையால் மேலும் கீழும் இடிப்பார்கள். நம் மத்து போலச் சுழற்றுவதில்லை. இப்போது நகரத்தில் மிக்ஸிதான்.

பழகிக்கொள்ள வீட்டிலேயே செய்து பார்க்கவும். நாலு கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டித் தேயிலை, நன்றாகக் கொதித்ததும் வடிகட்டி, கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி உப்பில்லாத வெண்ணெய், அரை கப் பால். மிக்ஸியில் இரண்டு மூன்று நிமிடம் நன்றாக அடிக்க வேண்டும். ஸ்பூனால் கலக்கினால் எண்ணெய் தனியாக மேலே நின்று வாயைக் குமட்டும். பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் சரியாக அடிக்காத டீயைக் குடித்தவர்கள்தான்.

கோமதி: சூடா மிக்ஸியில ஊத்தி மூடி தெறிச்சு அடுக்களை பூரா வெண்ணெய். போன மாசம். யார்னு சொல்லமாட்டேன்

பாலா: 😂😂 சித்தப்பா

சங்கரன்: ஜாரில் பாதிக்கு மேல் ஊற்றக் கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்ளவும்.

பாலா: யாக் வெண்ணெயா அது

மீனா: யாக்னா ஆண். பால் குடுக்கிற பொட்டைக்குப் பேரு திரி. யாக் வெண்ணெய்னு அவங்ககிட்ட கேட்டா காளைமாட்டுப் பால் கேட்ட கணக்கா சிரிப்பாங்க. முக்கியமானது டீ இல்ல, கப்பு. ஒரு வாய் குடிச்சதும் திரும்ப நிரப்பிருவாங்க. கப்பு காலியா இருக்கக் கூடாதுங்கிறது வீட்டுக்காரங்க மரியாதை. நாம மிச்சம் வைக்கக் கூடாதுன்னு மடமடன்னு குடிச்சா ஊத்திக்கிட்டே இருப்பாங்க, ஆறாவது கப்புல அழுகை வரும். கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சணும். போதும்னா நிறைஞ்ச கப்ப அப்படியே வச்சிருங்க. எந்திரிக்கிறப்ப எடுத்து குடிச்சிட்டு கிளம்பணும்

சிவகாமி: நம்ம ஆச்சி மோர் ஊத்துன மாதிரி

லட்சுமி: ஆச்சி பேச்ச எடுத்தது நீதான் யக்கா. யார் வீட்டுல?

விசுவநாதன்: 👍

லட்சுமி: எதுக்கு இந்தக் கட்டைவிரல்?

சிவகாமி, 8:02: சாப்பாடு என்ன போடுவாவ? நாங்க சைவம்னு சொல்லியாச்சு

சங்கரன்: அடிப்படை உணவு த்சம்பா.

லட்சுமி: சம்பா அரிசியா? அப்ப நல்லதாப் போச்சு

சங்கரன்: அரிசி அல்ல. வறுத்த பார்லி மாவு. காரணத்தைத் தெரிந்துகொண்டால் மறக்காது. மானசரோவர் 4,590 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அரிசியும் பருப்பும் எத்தனை நேரம் வைத்தாலும் குக்கர் இல்லாமல் வேகாது. விறகும் கிடையாது, சாணிதான் எரிபொருள். அதனால் பார்லியை முன்கூட்டியே சூடான மணலில் பொரித்து, சலித்து, அரைத்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு சமையலே தேவையில்லை. கிண்ணத்தில் கொஞ்சம் வெண்ணெய் டீ, ஒரு துண்டு வெண்ணெய், உலர்ந்த பாலாடைக்கட்டித் தூள், சர்க்கரை, மேலே குவியலாக மாவு. இடது கையால் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே வலது விரல்களால் மாவை ஓரத்தில் அழுத்திப் பிசைய வேண்டும். முதலில் ஆள்காட்டி விரலால் மெதுவாக அமுக்கி நனைக்க வேண்டும். எடுத்ததும் ஐந்து விரலையும் விட்டால் மாவு பறந்து மடியில் விழும். டீ அதிகமானால் களியாகிவிடும். உருண்டை கையில் ஒட்டாமல் வந்தால் சரி.

கோமதி: சத்துமாவு உருண்டைதான. இத்தன நீளமா எதுக்கு

பாலா: திபெத்துல புத்தாண்டுக்கு முந்தி ஒரு சூப் வப்பாங்களாமே, உருண்டைக்குள்ள எதையாவது ஒளிச்சு?

மீனா: குதுக். வருஷக் கடைசி மாசம் 29ஆம் நாள். உருண்டைக்குள்ள கரி வந்தா மனசு கறுப்பு, கம்பளி வந்தா இளகின மனசு, மிளகாய் வந்தா வாயாடி

பாலா: சித்தப்பாவுக்கு மிளகாய்

கோமதி: மூட்டையோட

லட்சுமி: கரி யாருக்குன்னு நான் சொல்லட்டா

இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சிவகாமி: என்னட்டி அழிச்ச

லட்சுமி: ஒண்ணுமில்ல

மீனா: சைவ விஷயம் பெரியம்மா. “ங்க ஷா சகி மே”. நான் கறி சாப்பிடமாட்டேன்னு அர்த்தம். எழுதி வச்சுக்கோங்க. ஆனா துக்பா நூடுல்ஸ்ல கறித்துண்டு எடுத்துட்டு காய் போட்டுக் குடுத்துருவாங்க, கொதிக்கிற தண்ணி எலும்புத் தண்ணியா இருக்கும். அதனால திங்மோன்னு ஆவியில வேகவச்ச ரொட்டி, ஷோகோ கட்ஸான்னு கார உருளைக்கிழங்கு, அது கேளுங்க. பேருக்குப் பின்னாடி ‘லா’ சேத்தா மரியாதை, நாம அண்ணாச்சின்னு சேக்கிற மாதிரி

ஆறுமுகம்: பார்லியில கள்ளு மாதிரி ஒண்ணு இருக்காமே

சிவகாமி: இதுக்கு மட்டும் முழிச்சிருக்காவ

மீனா: சாங். மோதிர விரலை நனைச்சு மூணு தரம் காத்துல சுண்டணும், அது மேல உள்ளவங்களுக்கு. அப்புறம் ஒரு வாய், ஊத்துவாங்க, இன்னொரு வாய், ஊத்துவாங்க, மூணாவதும் அப்படியே, அப்புறம் முழுசா. குடிக்காதவங்க விரலைச் சுண்டிட்டு உதட்டுல வச்சிட்டு கீழ வச்சிரலாம், யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க. பெரியப்பா நீங்களும் சுண்டுறதோட சரி. லாசாவே 3,650 மீட்டர், மொத ரெண்டு மூணு நாள் குடிச்சா தலைவலி சாங்னால வந்ததா உயரத்துனால வந்ததான்னு தெரியாது. அதுதான் ஆபத்து

பாலா: மாமா நாகர்கோவில் கல்யாணம் ஞாபகம் இருக்கா

ஆறுமுகம்: போலே

சங்கரன், 9:10: கோயில் நடைமுறை. நம் ஊர்ப் பழக்கம் பாதி அப்படியே பொருந்தும். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிப் போவது, சாமி பக்கம் கால் நீட்டாதது, யார் தலையையும் தொடாதது, உட்கார்ந்திருப்பவர் காலையோ தின்கிற பொருளையோ தாண்டாதது. பிரதட்சிணமும் நம்மைப் போலத்தான், வலப்பக்கம் ஸ்தூபி இருக்க வேண்டும். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச் சுவரையும் அப்படியே சுற்ற வேண்டும். மந்திரச் சக்கரம் உருட்டுவதும் அதே திசை, வலது கை. பொருந்தாத இடம் செருப்பு. லாசாவில் சன்னதிக்குள்ளும் செருப்போடுதான் போவார்கள். கழற்ற வேண்டியது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்.

சிவகாமி: செருப்போட சாமி முன்னாடியா? எனக்கு மனசு வராது

மீனா: தரையெல்லாம் வெண்ணெய் சிந்தி வழவழன்னு இருக்கும். சாக்ஸோட நடந்தா விழுவீங்க. நம்ம பக்கத்து மடங்கள்ல கழட்டணும், அங்க வேண்டாம்

சங்கரன்: விளக்குக்குத் தனியாக வாங்க வேண்டாம். அங்கே ஃபிளாஸ்கில் உருக்கிய வெண்ணெய் கொண்டுவந்து ஒவ்வொரு விளக்கிலும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டே போவார்கள். காணிக்கைக்குச் சின்ன நோட்டுகள் மாற்றி வைத்துக்கொள்ளவும். ஒரு பெரிய நோட்டை ஒரே இடத்தில் போடுவதை விட எல்லாச் சன்னதியிலும் சின்னதாகப் போடுவதே அங்கு வழக்கம். பொட்டாலா அரண்மனையில் சீட்டில் போட்ட நேரத்துக்கே விடுவார்கள், உள்ளே ஒரு மணி நேரம்தான். தண்ணீர் பாட்டிலைச் சோதனையில் வாங்கிவிடுவார்கள், அதனால் படியேறும் முன்பே குடித்துவிடவும். சன்னதிகளில் படம் எடுக்கக் கூடாது.

மீனா: முக்கியமான ஒண்ணு. பெரியப்பா உங்க டிபி

ஆறுமுகம்: ஏன் நல்லாத்தான இருக்கு. தர்மசாலாவுல எடுத்தது

மீனா: அதனாலதான். தலாய் லாமா படம், புத்தகம் எதுவும் போன்ல, பெட்டியில இருக்கக் கூடாது. மாட்டுனா உங்களுக்கு ஒரு நாள் கஷ்டம், கூட வர்ற வழிகாட்டிக்குப் பொழப்பே போயிரும். அரசியல் நீங்களா எடுக்காதீங்க. அவங்களா பேசுனாலும் சிரிச்சிட்டு விட்டுருங்க. போலீஸ், சோதனைச்சாவடி படம் எடுக்காதீங்க. பெர்மிட்டுல பேரு உள்ள குழுவோடதான் நடமாடணும், தனியா பஸ் ஏறிப் போற ஊர் இல்ல

ஆறுமுகம்: படத்த மாத்திட்டேன். பிள்ளையார்

சங்கரன்: கைலாஷ் கிரிவலம் பற்றி. 52 கிலோமீட்டர், மூன்று நாள். திபெத்திய நாட்காட்டியில் இது குதிரை வருஷம், ஒரு சுற்று 13 சுற்றுக்குச் சமம் என்பது அவர்கள் நம்பிக்கை. 2014க்குப் பிறகு இப்போதுதான். அதனால் கூட்டம் இருக்கும். எதிர்த் திசையில் வருகிறவர்கள் ‘பொன்’ என்ற பழைய திபெத்தியச் சமயத்தார், அவர்கள் சுற்று இடமாக. ‘தப்பாப் போறீங்க’ என்று அத்தான் திருத்தப் போக வேண்டாம். டோல்மா லா கணவாய் 5,630 மீட்டர், அங்கே “கி கி சோ சோ, லா கியாலோ” என்று கத்துவார்கள். தெய்வங்களுக்கு வெற்றி என்று பொருள். மந்திரக் கொடி கட்டுவதானால் நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள். வானம், காற்று, நெருப்பு, நீர், மண். கீழே விழவிடாமல், மிதிக்காமல் கட்ட வேண்டும். உச்சியில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் இறங்கிவிடவும்.

சிவகாமி: ஏறுற வழியில ஒரு இடத்துல உடுத்துன துணிய விட்டுட்டு வரணும்னு சொன்னாவ

சங்கரன்: சிவத்சால். பழைய பிறவி அங்கே முடிந்ததாகப் பாவனை. சட்டையாகக் கழற்றிப் போட வேண்டியதில்லை, நாலு முடி போதும். இப்போதே துணிமலை.

சிவகாமி: ஐயோ. இவுக அந்தக் கட்டம் போட்ட சட்டைக்கு வழி பிறந்ததுன்னுல்ல இருந்தேன்

மீனா: 😂 இன்னொண்ணு, வழியில பிணத்தைக் கழுகுக்குப் போடுற இடம் இருக்கும். பார்க்கப் போகாதீங்க, படம் எடுக்காதீங்க. நம்ம சுடுகாட்டுல யாராவது கேமராவோட வந்து நின்னா எப்படி இருக்கும்

பாலா: ஆமா

லட்சுமி, 10:20: தீர்த்தம் எல்லா வீட்டுக்கும் வேணும். போன தடவ காசித் தண்ணி எங்க வீட்டுக்கு மட்டும் வரல

சிவகாமி: அது வழியில ஒழுகிப்போச்சுன்னு எத்தன வருஷமா சொல்லுதேன்

லட்சுமி: எங்க பாட்டில் மட்டும் ஒழுகிச்சு

மீனா: திருகுமூடி உள்ள கனமான பிளாஸ்டிக் பாட்டில். மேல நிரப்பி மூடினது கீழ வர்றப்ப வெளிக்காத்து அழுத்தத்துல நசுங்கும், பயப்படாதீங்க, ஒழுகாது. ஒழுகுறது மேல போறப்ப. இங்க மூடுன ஊறுகாய் பாட்டில், ஷாம்பு பாக்கெட் எல்லாம் அங்க உப்பி எண்ணெய் கசியும். அதனால ஊறுகாய் வேண்டாம். பருப்புப் பொடி, அவல். ஏரிக்குள்ள இறங்கிக் குளிக்க விடறதில்ல, வாளியில மொண்டு கரையத் தள்ளி ஊத்திக்கணும். சோப்பு கூடவே கூடாது. அவங்க அதக் குடிக்கிற தண்ணியா வச்சிருக்காங்க

லட்சுமி: எத்தன பாட்டில்?

சிவகாமி: பார்க்கலாம்

கோமதி: உயர மாத்திரை வாங்கியாச்சா மதினி

மீனா: டயமாக்ஸ். சாதாரணமா 125 மில்லிகிராம் ரெண்டு வேளை, ஏறுறதுக்கு முந்தின நாள் தொடங்கி. ஆனா டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான். சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், அது சகஜம். தலைவலியோட வாந்தியும் தள்ளாட்டமும் வந்தா அது சகஜம் இல்ல, உடனே கீழ இறங்கணும்

சிவகாமி: சல்ஃபா இவுகளுக்கா எனக்கா? யாருக்கோ ஒரு தரம் தடிச்சுது

ஆறுமுகம்: அது கத்திரிக்கா

மீனா: கத்திரிக்கான்னு டாக்டர் சொல்லட்டும் பெரியப்பா. நாளைக்கே போங்க

விசுவநாதன், 11:47: அம்மா இங்க இருக்கட்டும். பதினஞ்சு நாள்னா சரி. இருபதுன்னா யோசிக்கணும்

பாலா: அப்பா டைப் பண்ணுதாவ!!

லட்சுமி: இருபத்தொண்ணு நாள் பயணம்னு திட்டத்துல போட்டிருக்கு

சிவகாமி: போக வர சேத்து லட்சுமி

விசுவநாதன்: 👍

லட்சுமி: இதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது சொல்லுங்க

கோமதி: துண்டு வாங்கியாச்சு. எட்டு

மீனா: அத்தை!!

ஆறுமுகம், 12:30: சங்கரா, அந்த டீக்கு வெண்ணெய் எத்தன கரண்டின்னு சொன்ன?