திங்கள் முதல் ஞாயிறு வரை 20 மணி நேரம்

2023 செப்டம்பரில் எம்.எஸ்சி படிக்க லண்டன் வந்தேன். வங்கிக் கடன் கல்லூரிக் கட்டணத்தோடு தீர்ந்துபோனது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் நானே சம்பாதித்தாக வேண்டும். ஆனால் மாணவர் விசாவில், படிப்புப் பருவத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது. ஈஸ்ட் ஹாமில் ஓர் அறையை இன்னொரு பையனோடு பகிர்ந்துகொண்டேன்.

முதல் வேலை, நடந்து போகும் தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுவது. நம் பேச்சு, நம் சாப்பாடு என்றதும் எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை. "தம்பி, விசாவைப் பற்றி யோசிக்காதேங்கோ, கையிலயே காசு தாறன்" என்றார் முதலாளி. மணிக்கு 6 பவுண்ட். 23 வயதானவருக்கு அப்போது சட்டப்படி 10.42 பவுண்ட் தர வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கொதிக்கும் தண்ணீரில் சாம்பார் அண்டாவைத் தேய்த்துவிட்டு, இரவு பதினொன்றரைக்கு நவம்பர் குளிரில் வெளியே வந்தால் விரல் முட்டிகள் வெடித்து ரத்தம் கசியும். ஒன்பது நாள் கூலி பாக்கி இருக்கும்போது, இனி ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மூன்று முறை போய்க் கேட்டேன், வரவில்லை. பேஸ்லிப் என்ற சம்பளச் சீட்டு கிடையாது. ஷிப்ட் நேரம் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகளாவது சான்றாகியிருக்கும், அவற்றையும் கோபத்தில் அழித்திருந்தேன். இப்படி மாட்டிக்கொண்டவர்கள் தொழிலாளர் பிரச்சினைகளுக்கு வழிகாட்டும் ஏகாஸ் என்ற அமைப்பின் உதவி எண்ணை அழைத்து இலவச ஆலோசனை கேட்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜனவரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அலமாரி அடுக்கும் வேலை கிடைத்தது. வேலை பார்க்க எனக்கு உரிமை உண்டா என்று இணையத்தில் சரிபார்க்கும் ஷேர் கோடு எண்ணை வாங்கிப் பார்த்தார்கள், கல்லூரியின் பருவத் தேதிகள் உள்ள கடிதம் கேட்டார்கள். சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் வரிக் குறியீடு தவறாக இருந்ததால், முதல் மாதம் இருபது சதவீதம் பிடித்தபோது பதறிப்போனேன். ஆனால் அப்போதைய குறைந்தபட்ச ஊதியத்தில் வாரம் 20 மணி நேரம் உழைத்தால், ஆண்டு வருமானம் வரி தொடங்கும் 12,570 பவுண்டைத் தொடாது, வருமான வரியே கிடையாது. குறியீடு சரியானதும் பணம் திரும்பி வந்தது.

நான் மாட்டவிருந்த இடம் வேறு. அந்தக் கடையின் ரோட்டா, அதாவது வார வேலை அட்டவணை, ஞாயிறு தொடங்கி சனியில் முடியும். விசா கணக்கில் வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு முறை திங்களிலிருந்து சனி வரை 20 மணி நேரம் போட்டிருந்தார்கள். அடுத்த நாள் ஞாயிறு 5 மணி நேரம், அது அடுத்த வார ரோட்டாவில் இருந்தது. கடைக் கணக்கில் இரண்டு வாரமும் சரியாக இருபதுதான். என் விசா கணக்கில் முதல் வாரம் இருபத்தைந்து! வியாழன் இரவு சும்மா நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மறுநாளே மேனேஜரிடம் காலண்டரைக் காட்டினேன். அவர் நல்ல மனிதர், ஞாயிற்றுக்கிழமையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுத்தார். இந்த வாரம் 25, அடுத்த வாரம் 15 என்று சராசரி பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டும் சேர்த்துத்தான் இருபது. சம்பளமில்லாத வேலையும் கணக்கில் வரும்.

அறைத் தோழன் உணவு டெலிவரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டான். வேறொருவரின் கணக்கை வாடகைக்குத் தருகிறார்களாம். அது சுயதொழில். மாணவர் விசாவில் ஒரு மணி நேரம்கூடச் செய்யக் கூடாது. அவனிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நாளானது.

அப்புறம் கோடை. ஜூனில் வகுப்பு முடிந்ததும் என்னோடு படித்த சிலர் 40 மணி நேரம் வேலைக்குப் போனார்கள். இளங்கலை மாணவர்களுக்கு அது விடுமுறைதான். ஓராண்டு முதுகலைக்கு ஆய்வேடு எழுதும் மாதங்களும் பருவக் காலமே, அதே இருபதுதான். கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்தேன்.

அந்தக் கோடையில் கையில் காசு இல்லை. ஏப்ரலில் ஊதியம் 11.44 ஆக உயர்ந்தது கொஞ்சம் தாங்கியது. காலையில் நூலகம், மாலையில் பால் பெட்டிகள் அடுக்குவது. ஒவ்வொரு ஞாயிறு இரவும் நோட்டில் அந்த வார மணிகளைக் கூட்டி அடியில் ஒரு கோடு போடுவேன். ஆய்வேடு கொடுத்த வாரத்தில் 18 என்று இருக்கிறது.