மாங்கனி ஓடையில் நாலு மணி நேரம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் சுந்தரமகாலிங்கம் கோயில் இருக்கும் சதுரகிரிக்கு, அடிவாரத்துத் தாணிப்பாறை வழியாக ஒரே நாளில் ஏறி இறங்குகிறவர்கள்தான் அதிகம். நாங்கள் போனது 2012 புரட்டாசி, மகாளய அமாவாசைக்கு. மதுரையிலிருந்து ஏழு பேர், நாலு நாள். மலையில் இரவு தங்க அப்போது தடை இல்லை.

வழி காட்டியது பெரியப்பா. உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர், சின்ன வயதிலிருந்தே அந்த மலைக்குப் போய் வருகிறவர். ஏறுவது தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறையில், இறங்குவது தாணிப்பாறையில் என்பது அவர் போட்ட கணக்கு. ஆண்டிபட்டி, கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை என்று பஸ் மாறிப் போய் முதல் ராத்திரி உப்புத்துறையில் படுத்தோம்.

மறுநாள் ஏற்றம் உயிரை வாங்கிவிட்டது. ஒற்றையடிப் பாதை, ஆள் உயரப் புல். ஓர் இடத்தில் யானை லத்தி கிடந்தது. பெரியப்பா குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஆறிப்போச்சு, வாங்கப்பா" என்றார். அப்புறம்தான் எங்களுக்கு மூச்சே வந்தது. என் நண்பன் ஒருவனுக்கு முட்டி பிடித்துக்கொள்ள, அவன் பையை ஆள் மாற்றி ஆள் தூக்கினோம். சுக்கும் கருப்பட்டியும்தான் அன்றைக்கு எங்களை நடக்க வைத்தது.

இருட்டும் நேரத்தில் சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு வந்து சேர்ந்தோம். மடத்தில் சுடச்சுடக் கஞ்சி ஊற்றினார்கள். யார், எந்த ஊர் என்று ஒரு கேள்வி இல்லை, தட்டு காலியானால் அடுத்த கரண்டி. அந்தக் கஞ்சியின் ருசி இன்றுவரை வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு ராத்திரி அங்கேதான், சாக்கை விரித்துப் படுக்கை. நடுவில் ஒரு பகல் தவசிப்பாறைக்கு ஏறி, குகைக்குள் தவழ்ந்து போய்க் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

நாலாம் நாள் இறக்கம். பச்சரிசிப் பாறை தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் இடி கேட்டது. எங்கள் மேல் ஒரு தூறல்கூட இல்லை. மாங்கனி ஓடைக்கு வந்தபோது வெயிலே அடித்தது. அடிவாரத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். ஓடையில் கணுக்கால் தண்ணீர். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன்.

"டேய், ஏறு மேலே."

பெரியப்பாதான். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். முதலில் சருகு வந்தது, கொத்துக் கொத்தாக. அப்புறம் தெளிந்திருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியது. பச்சை மண் வாசனை. அதற்குப் பிறகு அந்தச் சத்தம், தண்ணீருக்கு அடியில் கல்லோடு கல் உருளும் சத்தம். எண்ணி ஐந்து நிமிடம் இருக்காது, நான் கால் வைக்கப் போன பாறை மறைந்துவிட்டது. மலை முழுக்கப் பாறை. உச்சியில் பெய்கிற மழை நிற்க இடமில்லாமல் அப்படியே ஓடைக்குத்தான் வரும் என்று அவர் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

பின்னால் வந்த கூட்டத்தில் சிலர் கையைக் கோத்துக்கொண்டு கடந்துவிடலாம் என்றார்கள். அடிவாரத்துக்குப் பக்கத்து ஊரான வத்திராயிருப்பில் பஸ்ஸை விட்டுவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு. பெரியப்பா துண்டை உதறி ஓடைக் கரையில் குறுக்காகப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். "அந்தா, கோடு போட்ட கல்லு தெரியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் ஒரு ஆளு இறங்கக்கூடாது."

நாலு மணி நேரம். கல் தெரிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. இடுப்பில் வேட்டியை இறுக்கிக்கொண்டு முதலில் அவர் இறங்கினார். ஒவ்வொருவராக அவர் தோளைப் பிடித்துக் கடந்தோம்.

2015 மே மாதம் அதே மலையில் திடீர் வெள்ளம் வந்து பக்தர்கள் செத்துப்போன செய்தி வந்தது. அதற்குப் பிறகுதான் மலைக்குப் போவதற்குக் கட்டுப்பாடுகள் கூடின. செய்தி பார்த்ததும் பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். "எந்த ஓடையாம்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரில் மிச்சம் ஆறு பேரும் கிளம்பி உசிலம்பட்டிக்குப் போய், சாயங்காலம் வரை அவர் வீட்டுத் திண்ணையில் அவரோடு உட்கார்ந்திருந்துவிட்டு வந்தோம்.