மும்பையில் கலைஞர்களிடம் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டபோது

மும்பையின் மூன்று பகுதிகளிலிருந்து மூன்று பேர் சொன்னவை இவை.

செம்பூரிலிருந்து:

எங்கள் குடியிருப்பில் ஓர் அக்கா இருக்கிறார். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். மார்கழி பிறந்தால் கீழ்த்தளத்து வாசலில் தினமும் ஒரு புதுக் கோலம். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். “இத்தனை கோலம் எங்கேருந்து பிடிக்கீங்கக்கா, யூடியூப்லயா?” என்று கேட்டேன். “மாட்டுங்காலேருந்து” என்றார்.

பூ வாங்க அடிக்கடி மாட்டுங்கா போகிறவர். அங்கே 1930, 40-களில் பரவிய ஆர்ட் டெகோ என்ற அலங்காரப் பாணியில் கட்டிய பழைய கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன. 2018-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மெரைன் டிரைவ் கட்டடங்களின் அதே பாணி. பால்கனிக் கம்பிகளில் உதிக்கிற சூரியன், அலை, நீரூற்று என்று இரும்பை வளைத்து வைத்திருப்பார்கள். நானும் அந்தத் தெருக்களில் நடப்பவன்தான், எனக்கு அவை ஜன்னல் கம்பிகள், அவ்வளவுதான். அக்காவுக்கோ பார்த்ததுமே மனசுக்குள் புள்ளி விழுந்துவிடுகிறது. “கம்பி எங்க வளையுதோ அங்க ஒரு புள்ளி இருந்தாகணும்லா? அதை எண்ணிட்டா கோலம் வந்துரும்” என்றார்.

அப்புறம் தன் கோல நோட்டைக் காட்டினார். சூரியக் கம்பியை முதலில் நேர்ப்புள்ளியில் போட்டிருக்கிறார், கதிர்கள் விரியவில்லை. பிறகு 15-இல் தொடங்கி 8-இல் முடிகிற இடைப்புள்ளிக்கு, அதாவது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வருகிற முறைக்கு, மாற்றியிருக்கிறார். அது ஆறு பக்கமாக விரியும் அல்லவா, பக்கத்துக்கு ஒன்றாக ஆறு அரைச்சூரியன்கள் உட்கார்ந்துவிட்டன. அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பியைக் கண்டது ஒரு நொடி. அதற்குப் புள்ளி தேடியதுதான் பெரிய வேலை.

கோலத்திலிருந்து வேறு திசைக்குப் போனவர்களும் உண்டு. சென்னையில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தை ஒரு மொழியாக எடுத்துக்கொண்டு, அதை உருவாக்கும் இலக்கண விதிகளை எழுதினார்கள். 1974-இல் வந்த அந்தக் கட்டுரை கணினியியல் ஆய்வு. இதை அக்காவிடம் சொன்னேன். “விதி இல்லாம கோலம் ஏது?” என்று சொல்லிவிட்டு மாவை எடுக்கப் போய்விட்டார்.

தாராவியிலிருந்து:

நான் பார்த்தது இதற்கு நேர்மாறு. என்னோடு வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் சிறுகதை எழுதுவார். குடியிருப்பது தொண்ணூறடி சாலைக்குப் பக்கம், கதைகள் எல்லாம் திசையன்விளைப் பனங்காடு. “இங்கேயே இவ்வளவு நடக்கு, இதை எழுத மாட்டீங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“ஊர்ல இருக்கும்போது பனைன்னா பனை, அவ்வளவுதான். இங்க வந்த பிறகுதான் எங்கய்யா ஏறின ஒவ்வொரு மரமும் தனித்தனியா ஞாபகம் வருது” என்றார். கோடையில் சயான் நிலையத்துக்கு வெளியே உரித்த நுங்கைக் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால் போதும், அன்று ராத்திரி எழுத உட்கார்ந்துவிடுவார்.

எழுத்தாளர் நாஞ்சில் நாடனின் முதல் நாவல் 1977-இல் வந்தபோது அவர் இந்த நகரத்தில்தான் வேலையில் இருந்தார். நாவலோ முழுக்க நாஞ்சில் நாடு. கண் முன்னால் இருப்பதுதான் கலைக்குக் கருவாகும் என்பதை என்னால் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. விட்டு வந்தது சிலரை இன்னும் பலமாகப் பிடித்து உலுக்குகிறது.

முலுண்டிலிருந்து:

சின்ன அனுபவம்தான். என் மகளின் ஓவிய மாஸ்டர், புதுசாகச் சேர்கிற பிள்ளைகளை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து முதலில் காக்கை வரையச் சொல்வார். இவள் முழுக்கக் கறுப்பாகத் தீட்டிக் கொடுத்தாள். “திரும்பப் போய்ப் பாரு” என்றாராம். பார்த்தால், கழுத்து சாம்பல் நிறம்! தினமும் பார்க்கிற பறவை, எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

ஏன் காக்கை என்று மாஸ்டரிடம் கேட்டேன். ஆர்.கே. லக்ஷ்மணைச் சொன்னார். மைசூரில் சிறுவனாக இருந்தபோதே காக்கை மேல் பிடித்த ஆசை அவருக்கு. மும்பையில் அத்தனை வருடம் அரசியல் கார்ட்டூன் போட்டபோதும் காக்கைகளை வரைவதை விடவில்லை. “மயில் வரையச் சொன்னா மயிலே பாதி வேலையைப் பண்ணிடும் சார். காக்கைன்னா பிள்ளைதான் முழுசும் பண்ணணும்” என்றார் மாஸ்டர். இப்போது என் மகள் வரைகிற காக்கைகளில் ஒன்று திருடுகிறது, ஒன்று சண்டை பிடிக்கிறது, ஒன்று யாரையோ உற்றுப் பார்க்கிறது.