பெரிய வேக்கம் பம்ப் வாங்கலாமா, அந்தப் பணத்தை டூல்ஸில் போடலாமா?

காப்பர்பைப் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாலு வருஷம் ஹெல்பராக ஓடிவிட்டு, இப்போதுதான் தனியாக வேலை எடுக்க ஆரம்பித்திருக்கிறேன். ஸ்பிளிட் ஏசி மாட்டுவது, கேஸ் சார்ஜ், சர்வீஸ். பெரும்பாலும் 1, 1.5 டன். எப்போதாவது 2 டன், அபூர்வமாக சீலிங்கில் பதிக்கிற ஒரு கேசட் யூனிட்.

கையில் இருப்பது யாரோ பயன்படுத்திக் கழித்த 3 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இழுக்கும் கன அடி) சிங்கிள் ஸ்டேஜ் பம்ப், ஹோஸ்களை மாட்டி அழுத்தம் பார்க்கும் முள் வைத்த மேனிஃபோல்ட், குழாய் முனையை விரித்து நட்டில் உட்கார வைக்கும் (ஃபிளேர்) பழைய ஃபிளேரிங் கிட், இரண்டு ஸ்க்ரூ ஸ்பேனர். கேஸ் திறக்கும் முன் லைனில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேக்கம் போட்டால் இரண்டு நிமிடத்தில் முள் -30க்கு (அங்குலப் பாதரசம்) வந்துவிடுகிறது. அதற்கு மேல் இருபது நிமிடம் ஓடவிட்டுத்தான் நிறுத்துகிறேன். ஆனாலும் சில வேலைகள் ஐந்தாறு மாதத்தில் "கூலிங் இல்லை" என்று திரும்பி வருகின்றன. போய்ப் பார்த்தால் கேஸ் குறைந்திருக்கிறது.

8 சிஎஃப்எம் டபுள் ஸ்டேஜ் (இரண்டு கட்டமாக இழுக்கும்) பம்ப் ஒன்று கண்ணில் பட்டது. அதை வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? ஹேண்ட் டூல்ஸில் எது கட்டாயம் நல்லதாக இருக்க வேண்டும், எது சுமாராக இருந்தாலும் ஓடும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய கம்ப்ரஸர் எழுதியது:

தம்பி, கேஸ் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிகிற நட்டுக்கு 8 சிஎஃப்எம் பம்ப் போட்டாலும் அது கசியத்தான் செய்யும். ஃபிளேர் பற்றி அப்புறம் வருகிறேன். முதலில் அந்த -30ஐப் பார்ப்போம், ஏனென்றால் நானும் அதை நம்பித்தான் ஒருமுறை மானத்தை விட்டேன்.

ஒரு சின்ன கோல்டு ரூம். கம்ப்ரஸர் மாற்றி, வேக்கம் போட்டு, கேஸ் ஏற்றி, நல்ல பெயரோடு கிளம்பினேன். மறுநாள் காலையில் போன். போய்ப் பார்த்தால் மெஷின் அருமையாக ஓடுகிறது. கிளம்பலாம் என்று பையைத் தூக்கும்போது சக்ஷன் முள் (கம்ப்ரஸர் இழுக்கும் பக்கத்து அழுத்தம்) மெதுவாக இறங்கி வேக்கத்துக்கே போகிறது. ஆஃப் செய்து அரை மணி நேரம் விட்டால் மறுபடி ஓடுகிறது, கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்குகிறது. மூன்றாவது தடவை வெந்நீரில் நனைத்த துணியை, கேஸ் சின்னச் சந்து வழியாகப் போய்க் குளிரும் எக்ஸ்பான்ஷன் வால்வ் மேல் சுற்றினேன். ஐந்தாறு நொடியில் "ஸ்ஸ்ஸ்" என்று கேஸ் போகும் சத்தம் கேட்டது, முள் ஏறியது. உள்ளே இருந்த ஈரம் வால்வின் வாயில் ஐஸாகி அடைத்திருக்கிறது. ஆனால் நான் வேக்கம் போட்டபோது என் முள்ளும் -30ல்தான் நின்றது.

காரணம் சின்னக் கணக்கு. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டர் பாதரசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த முள் காட்டும் ஒரு அங்குலம் 25,400 மைக்ரான். நமக்கு வேண்டியது 500 மைக்ரானுக்குக் கீழே. 500க்கும் 5,000க்கும் உள்ள வித்தியாசம் அந்த டயலில் ஒரு அங்குலத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது, முள்ளின் தடிமனிலேயே மறைந்துவிடும். இத்தனைக்கும் 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதே 24,000 மைக்ரான் பக்கத்தில்தான். அதாவது உன் முள் "முடிந்தது" என்று சொல்கிற இடத்தில்தான் ஈரத்தை வெளியேற்றும் வேலை ஆரம்பிக்கிறது.

அதனால் நீ முதலில் வாங்க வேண்டியது பம்ப் இல்லை, மைக்ரான் கேஜ். வந்ததும் நேராகப் பம்ப்பின் வாயில் மாட்டி ஓடவிட்டுப் பார். நல்ல டபுள் ஸ்டேஜ் பம்ப் புது ஆயிலோடு 100 மைக்ரானுக்குக் கீழே தாராளமாக இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பம்ப்பைத் திட்டாதே, ஆயிலை மாற்று. கண்ணாடியில் ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் ஈரம் குடித்திருக்கிறது என்று அர்த்தம். பம்ப் சூடாக இருக்கும்போதே வடித்துவிடு, அழுக்கும் சேர்ந்து வரும். கழித்த பம்ப் என்கிறாயே, அதில் கடைசியாக எப்போது ஆயில் மாற்றினார்கள் என்று அந்த ஆளுக்கே தெரிந்திருக்காது.

பம்ப் வாங்கியே தீருவேன் என்றால் 4 சிஎஃப்எம் டபுள் ஸ்டேஜ் உன் வேலைக்குப் போதும். பம்ப்பை லைனிலிருந்து பிரித்து மூடும் ஐசோலேஷன் வால்வ் இருக்கிறதா, கேஸ் பலாஸ்ட் இருக்கிறதா, கரண்ட் போனால் ஆயில் குழாய்க்குள் ஏறாமல் தடுக்கும் வால்வ் இருக்கிறதா, இதையெல்லாம் பார். கேஸ் பலாஸ்ட்டைப் பலர் தொடுவதே இல்லை. இழுத்த நீராவி பம்ப்புக்குள் அழுத்தப்படும்போது தண்ணீராகி ஆயிலில் கலந்துவிடும். பலாஸ்ட்டைத் திறந்தால் கொஞ்சம் காற்று சேர்ந்து, ஆவி தண்ணீராகும் முன்பே வெளியே தள்ளப்படும். ஈரமான சிஸ்டத்தில் முதல் சில நிமிடம் திறந்து வைத்துவிட்டு அப்புறம் மூடு. மூடாமல் விட்டால் கடைசி வேக்கம் வராது.

இன்னொன்று, பெட்டி மேல் போட்டிருக்கும் சிஎஃப்எம் பல நேரம் 60 ஹெர்ட்ஸ் கணக்கு. 50 ஹெர்ட்ஸ் கரண்டில் மோட்டார் மெதுவாகச் சுற்றும், ஆறில் ஒரு பங்கு குறைத்துக்கொள். அப்புறம் எடை. கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்ப்பது வேறு, ஏணியில் தூக்கிக்கொண்டு ஏறுவது வேறு.

கூலிங்காயில் எழுதியது:

அண்ணன் சொல்வதில் ஒரு திருத்தம். 4 சிஎஃப்எம் எல்லாவற்றுக்கும் போதும் என்று தம்பி எடுத்துக்கொள்ளக் கூடாது. நான் விஆர்எஃப் (ஒரே அவுட்டோரில் பல இன்டோர் ஓடும் சிஸ்டம்) வேலை செய்கிறேன். நீளமான லைன், நிறைய பிராஞ்ச். அங்கே சின்ன பம்ப்போடு உட்கார்ந்தால் நாள் முழுக்க உட்கார வேண்டியதுதான். நான் 8 வைத்திருக்கிறேன், வருத்தம் இல்லை.

பழைய கம்ப்ரஸர் எழுதியது:

விஆர்எஃப்புக்கு 8 சரிதான், மறுக்கவில்லை. ஆனால் தம்பி மாட்டுவது ஒன்றரை டன். அதில் 8ஐக் கொண்டுபோய் கால் இன்ச் ஹோஸில் மாட்டினால், பெரிய மோட்டாரை வைத்து ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற கதை. அதுவும் மேனிஃபோல்ட் வழியாகப் போய், ஹோஸ் முனையில் உள்ள ஊசியைத் தாண்டிப் போய், யூனிட்டின் சர்வீஸ் போர்ட்டில் (ஹோஸ் மாட்டும் வாய்) ஊசியை அமுக்கினால் திறக்கும் 'பின்' வால்வின் சந்து வழியாகப் போய் இழுக்க வேண்டும். ஆழமான வேக்கத்தில் குழாயின் விட்டம்தான் ராஜா. கால் இன்ச்சிலிருந்து 3/8க்குப் போனாலே வழி மூன்று மடங்குக்கு மேல் திறக்கும்.

அதனால் பம்ப்புக்கு முன்னால் இரண்டு பொருள். ஒன்று, வேக்கத்துக்கென்றே குட்டையான 3/8 ஹோஸ். கேஸ் ஏற்றுகிற ஹோஸை இதற்குப் பயன்படுத்தாதே, அதில் கம்ப்ரஸர் ஆயில் ஒட்டியிருக்கும், அது கேஜைக் குழப்பும். இரண்டு, பின் வால்வ் கழற்றும் கோர் டூல். பின்னை வெளியே எடுத்துவிட்டு இழுத்தால் நேரம் பாதியாகக் குறைவதை நீயே பார்ப்பாய். ஆர் 410ஏ, ஆர் 32 கேஸ் போடும் ஸ்பிளிட்டில் பல யூனிட்டில் சர்வீஸ் போர்ட் 5/16 அளவு. அந்த அளவு கோர் டூலோ அடாப்டரோ பார்த்து வாங்கு.

பம்ப்பைச் சோதிக்கும்போது தவிர, வேலையில் மைக்ரான் கேஜைப் பம்ப் பக்கம் மாட்டாதே. கோர் டூலின் பக்கவாட்டு போர்ட்டில், சிஸ்டத்துக்கு அருகில், நிமிர்ந்த நிலையில் மாட்டு. 500க்குக் கீழே வந்ததும் கோர் டூல் வால்வை மூடி, பம்ப்பை நிறுத்தி, பத்து நிமிடம் பார். எண் ஏறிக்கொண்டே போனால் கசிவு. 1,500 பக்கம் ஏறி அங்கேயே நின்றால் ஈரம் மிச்சமிருக்கிறது, காய்ந்த நைட்ரஜனை விட்டுக் கலைத்து மறுபடி இழு. பெரிதாக ஏறாமல் அப்படியே நின்றால் கேஸைத் திற.

ஆனால் வேக்கத்தை வைத்துக் கசிவு தேடும் பழக்கம் வேண்டாம். வேக்கத்தில் ஒரு ஜாயிண்ட்டுக்கு வெளியிலிருந்து வரும் அழுத்தம் ஒரு 'பார்', அதாவது சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்தான். ஆர் 32 ஓடும்போது உள்ளே அதைப்போல இருபது முப்பது மடங்கு இருக்கும். நைட்ரஜனில் பிரஷர் டெஸ்ட் செய்து, ஒவ்வொரு நட்டிலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பம்ப்பை எடு. நைட்ரஜன் இல்லையென்று யாராவது ஆக்சிஜன் சிலிண்டரை நீட்டினால் இடத்தை விட்டே வந்துவிடு. ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும்.

காப்பர்பைப் எழுதியது:

நன்றி அண்ணா. நைட்ரஜன் டெஸ்ட் பெரிய வேலைக்கு மட்டும்தான் செய்கிறேன், அது தப்பு என்று புரிகிறது. ஃபிளேர் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே? என் கிட் நேராகத் திருகுகிற பழைய மாடல்தான். நட்டை "நல்லா டைட்" ஆகும் வரை முடுக்குகிறேன்.

பழைய கம்ப்ரஸர் எழுதியது:

அந்த "நல்லா டைட்" தான் உன் ஐந்தாறு மாதக் கணக்கு. இரண்டு ஸ்க்ரூ ஸ்பேனரில் முடுக்கினால் ஃபிளேர் நசுங்கி மெலிந்துபோகும். அன்றைக்குப் பிடிக்கும், சூடும் குளிருமாக மாறி மாறி வந்த பிறகு விடும். பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் இதுதான்: எக்சென்ட்ரிக் கோன் வைத்த ஃபிளேரிங் டூல், அப்புறம் குறித்த அளவு முடுக்கியதும் "க்ளிக்" என்று சொல்லும் டார்க் ரெஞ்ச். எக்சென்ட்ரிக்கில் கோன் ஒருபக்கமாகச் சாய்ந்து உருண்டு செம்பை விரிக்கும், அதனால் விளிம்பு சீராக, வழவழவென்று வரும். நேராக அமுக்கும் பழைய டூல் செம்பைத் தேய்த்து உள்பக்கம் கீறல் போட வாய்ப்பு அதிகம். உன் கிட்டை நாளையே தூக்கிப் போடச் சொல்லவில்லை. கிளட்ச் வைத்த புது டூலில் ஆர் 410ஏ வேலைக்குக் குழாய், அதைப் பிடிக்கும் கட்டைக்கு மேலே 0 முதல் 0.5 மில்லிமீட்டர் நின்றால் போதும். கிளட்ச் இல்லாத உன்னுடைய பழைய வகையில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வைக்க வேண்டும். இது தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வைப்பவர்கள்தான் அதிகம்.

ஃபிளேர் செய்ததும் வெர்னியரை வைத்து அள. ஆர் 410ஏ, ஆர் 32க்குக் கால் இன்ச் குழாயில் விளிம்பு சுமார் 9.1, 3/8ல் 13.2, அரை இன்ச்சில் 16.6 மில்லிமீட்டர். நட்டின் உள்ளே லேசாக உரசாமல் நுழைய வேண்டும், ஆனால் தளர்ந்து ஆடவும் கூடாது. டார்க் (முடுக்கும் விசையின் அளவு) கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், யூனிட்டோடு வரும் புத்தகத்தைப் பார். கால் இன்ச் 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 என்றால் 34 முதல் 42, அரை இன்ச் 49 முதல் 61 என்று பொதுவாக இருக்கும். கால் இன்ச் எவ்வளவு குறைவு பார். உன் கை அதை இரண்டு மடங்கு முடுக்கியிருக்கும், பந்தயம் வேண்டுமானாலும் கட்டுகிறேன். ஃபிளேர் முகத்தில் மட்டும் ஒரு சொட்டு ஆயில் தடவு, மரையில் வேண்டாம். எதிர்ப்பக்கத்தை இன்னொரு ஸ்பேனரில் பிடித்துக்கொண்டு முடுக்கு. இல்லையென்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும்.

டியூப் கட்டர் சின்ன விஷயம்போலத் தெரியும். பிளேடு மழுங்கியதும் மாற்று, சுற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. அவசரப்பட்டால் குழாய் வாய் உள்ளே மடங்கிவிடும். பிசிறு எடுக்கும்போது குழாயின் வாயைத் தரையைப் பார்த்துப் பிடி. செம்புத்தூள் உள்ளே விழுந்தால் அது கம்ப்ரஸர் வரை போய்விடும். பிசிறு எடுக்கும் என் ரீமர் பத்து வருஷப் பழசு, விலை மலிவுதான், ஆனால் அதன் முனையை மட்டும் யாரையும் தொடவிட மாட்டேன்.

ஸ்க்ரூ டிரைவர், ஆலன் கீ, நோஸ் பிளேயர், ஸ்பிரிட் லெவல் எல்லாம் நடுத்தரமாக இருந்தால் போதும், தொலைவதே அதிகம். சர்வீஸ் வால்வுக்குள் போகும் ஆலன் கீ மட்டும் நல்ல எஃகு. அது முனை உருண்டு வால்வின் குழியைக் கெடுத்தால் கேஸோடு சேர்த்து அழ வேண்டியதுதான். ஸ்க்ரூ ஸ்பேனரை விடவே முடியாது என்றால் க்னிபெக்ஸ் பிளையர் ரெஞ்ச் வகையைப் பார். இரண்டு தாடையும் இணையாகவே நகரும், நட்டின் முனையைக் கடிக்காது. ஆனால் அது டார்க் ரெஞ்ச்சுக்கு மாற்று ஆகாது.

ஸ்பிளிட்டும்நானும் எழுதியது:

எல்லாம் சரி, ஆர் 32 வேலை என்றால் பம்ப் விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். அது லேசாகத் தீப்பற்றும் வகை. பம்ப்பின் ஆன் ஆஃப் ஸ்விட்சில் பொறி வரும். மிச்ச கேஸைப் பம்ப்பால் இழுக்காமல் ரெகவரி செய்து (தனி சிலிண்டரில் பிடித்து) அப்புறம் மாட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தீப்பற்றும் கேஸுக்குத் தகுந்தது என்று தயாரிப்பாளர் எழுதித்தரும் பம்ப்பாக வாங்குங்கள். ஆர் 290 (புரொப்பேன்) வேலை எடுத்தால் அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

காப்பர்பைப் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மைக்ரான் கேஜ், 3/8 ஹோஸ், கோர் டூல், டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டேன். 8 சிஎஃப்எம்மை விட்டுவிட்டேன். ஃபிளேரிங் டூல் அடுத்த மாதம்.

கேஜைப் பழைய பம்ப்பில் நேராக மாட்டினேன். 2,300க்குக் கீழே இறங்கவே இல்லை! ஆயிலை வடித்தேன், காபி நிறத்தில் வந்தது. புது ஆயில் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டு அதையும் வடித்து, மறுபடி ஊற்றினேன். 180ல் நின்றது. சிங்கிள் ஸ்டேஜுக்கு அது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

போன மாதம் திரும்பி வந்த ஒரு 1.5 டன்னில் இன்டோர் பக்கத்துக் கால் இன்ச் நட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபிளேரின் அடிப்பக்கம் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். வெட்டிவிட்டு, புதிதாக ஃபிளேர் செய்து, 16ல் டார்க் வைத்து முடுக்கினேன். "க்ளிக்" என்றபோது கையில் ஒன்றுமே முடுக்காத மாதிரி இருந்தது, பயமாகவே இருந்தது. நைட்ரஜனில் இரவு முழுக்க விட்டேன், காலையில் முள் அசையவில்லை. அப்புறம் வேக்கம் போட்டேன். 420ல் மூடி, பத்து நிமிடத்தில் 560. கேஸைத் திறக்கலாமா அண்ணா, இன்னொரு தடவை நைட்ரஜன் விட்டு இழுக்க வேண்டுமா?

பழைய கம்ப்ரஸர் எழுதியது:

திற, திற.