புது ரிவால்வர் வந்தால் பழைய துப்பாக்கியின் விலை விழுமா?

ராயபுரத்தான்:
வணக்கம். அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டுத் துப்பாக்கிகள் இரண்டும் லைசென்ஸ் உள்ள ஓர் ஆயுதக் கடையின் பாதுகாப்பில் இருக்கின்றன. ஒன்று தாத்தா வழியில் வந்த, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் செய்த 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல். மற்றது அப்பா வாங்கிய, கான்பூர் தொழிற்சாலையில் செய்த .32 ரிவால்வர், நடுவில் மடித்துத் தோட்டா போடும் பழைய மாடல். வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். அண்ணன் சொல்வது இதுதான்: "கான்பூரிலேயே பிரபல் என்று புது ரிவால்வர் வந்துவிட்டது, இனிமேல் பழைய கான்பூரை யாரும் சீண்டமாட்டார்கள். இரண்டையும் வந்த விலைக்குக் கொடுத்துவிடு." எனக்கு மனசு ஒப்பவில்லை. புது மாடல் வந்தால் பழையதன் விலை உண்மையிலேயே அவ்வளவு விழுமா?

கொருக்குப்பேட்டை கணக்கு:
உங்கள் அண்ணன் சரியாகத்தான் சொல்கிறார். கான்பூர் .32 என்பது வெப்லி மார்க் 4 என்ற பழைய இங்கிலீஷ் ரிவால்வரின் அமைப்பை ஒட்டி வந்த துப்பாக்கி. குழலைக் கீழே மடித்துத் தோட்டா போட வேண்டும். வருஷம் போகப் போகக் கீலும் மேல் பூட்டும் தேயும், குழல் லேசாக ஆடத் தொடங்கும். 2023 ஆகஸ்டில் வந்த பிரபலில் தோட்டா வைக்கும் சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வருகிறது, துப்பாக்கியின் சட்டகம் (ஃப்ரேம்) மடியாமல் ஒரே துண்டாக நிற்கிறது. எடை 675 கிராம், தொழிற்சாலை சொல்லும் வீச்சு 50 மீட்டர்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்னால் ஒருவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம். இப்போது இரண்டுதான். இருக்கிற இரண்டு இடத்தில் ஒன்றை எவன் போய்ப் பழைய மாடலுக்குக் கொடுப்பான்? அந்தத் திருத்தம் வந்ததும் மூன்றாவதை வைத்திருந்தவர்கள் எல்லோரும் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. அவர்கள் கைவிட்டது பெரும்பாலும் பழசாகத்தான் இருக்கும்.

திருவொற்றியூர் சிப்பாய்:
கணக்கு தம்பி, எல்லாப் பழசையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 1980களின் நடுவில் கடைக்காரர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனது. அதன்பிறகு பெயர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்கு மட்டும்தான் வழி திறந்திருக்கிறது. ஆக, இங்கிலீஷ் வெப்லி, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், கோல்ட் எல்லாம் நாட்டுக்குள் இருப்பது இருப்பதுதான், கூடப்போவதில்லை. அமெரிக்காவில் புது மாடல் வந்த அன்றே பழையது மலிவாகும், ஏனென்றால் அங்கே இரண்டும் ஒரே கடை அலமாரியில் நிற்கின்றன. இங்கே அந்தப் போட்டியே கிடையாது.

2014இல் கான்பூரில் நிர்பீக் என்ற .32 ரிவால்வர் வந்தபோதும் இதே பேச்சுதான் பேசினார்கள். 500 கிராம் எடை, டைட்டானியம் கலப்பு, பெண்கள் கைப்பையில் வைக்கலாம் என்றெல்லாம் விளம்பரம். வெளிநாட்டு .32 வைத்திருந்தவர்கள் யாராவது பயந்து விற்றார்களா? அப்புறம் வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசம் ஹர்தோய் மாவட்டத்தில் தயாரிக்கத் தொடங்கினார்கள். அப்போதும் வாங்க வருகிறவர்கள் பர்மிங்ஹாம் முத்திரை இருக்கிறதா என்றுதான் புரட்டிப் பார்த்தார்கள். ராணுவத்தில் இருந்து வந்து வங்கிக் காவலில் காலம் கழித்தவன் நான், கூட வேலை பார்த்தவர்களிடம் கண்டதைத்தான் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை கணக்கு:
ஐயா, நீங்கள் சொல்வது வெளிநாட்டுக் கைத்துப்பாக்கிக்குப் பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். ராயபுரத்துக்காரரிடம் இருக்கும் ரிவால்வர் கான்பூர் சரக்கு. அதைச் செய்த ஊரே அதைவிட நல்லதைச் செய்துவிட்டது. அருமைப் பொருள் என்கிற வாதம் அதற்குச் செல்லாது. அடிவாங்கப்போவது அதுதான்.

பெரம்பூர் லோகோ:
ரிவால்வரைப் பிறகு பார்ப்போம். யாரும் அந்த 12 போரைப் பற்றிப் பேசவே இல்லையே, எனக்கு அதுதான் ஆதங்கம்.

வட சென்னையில் 12 போரின் கதை தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெரம்பூரிலும் ராயபுரத்திலும் இருந்த ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பங்களில் இரட்டைக்குழல் சாதாரணம். குளிர்காலம் வந்தால் பழவேற்காடு ஏரிப் பக்கம் வாத்துச் சுடப் போவார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது, துப்பாக்கிக்கு வேலையும் குறைந்தது. அதோடு பல குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பின. கிளம்பும்போது ஒரே சமயத்தில் ஏகப்பட்ட துப்பாக்கிகள் விற்பனைக்கு வந்தன. நல்ல நல்ல துப்பாக்கிகள் அடிமாட்டு விலைக்குப் போனதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றைக்கும் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள். அப்போது எந்தப் புது மாடலும் வரவில்லை. விலையைக் கொன்றது சட்டமும் தேவைக்குறைவும்தான்.

இன்றைக்கு 12 போர் யாருக்குத் தேவை? வங்கிக் காவலாளி, பணவண்டிக் காவலாளி, அடகுக்கடை. அவர்களுக்கு வேண்டியது அழகு வேலைப்பாடு இல்லை, போலீஸ் சோதனையில் பிரச்சினை இல்லாத எளிய துப்பாக்கி. புதிதாகவே இந்தியத் தயாரிப்பு கிடைக்கிறது. நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை 12 போர் பம்ப் ஆக்‌ஷனும் (முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை) செய்திருக்கிறது. ஆனால் பம்ப் ஆக்‌ஷன் வாங்குகிறவர் பர்மிங்ஹாம் இரட்டைக்குழலை வாங்க வந்தவர் இல்லை. இரண்டு சந்தையும் வேறு.

திருவொற்றியூர் சிப்பாய்:
லோகோ சொல்வதுதான் சரி. 12 போரில் புது மாடலைவிட அந்தத் துப்பாக்கியின் வயதுதான் பேசும். தம்பி, கடையில் கேட்டு மூன்று விஷயம் பாருங்கள். முதலில் குழல். மேற்பரப்பில் பாம்புத்தோல் போல வரிவரியாக இருந்தால் அது டமாஸ்கஸ் குழல், இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்தது. புகை கக்கும் பழைய கருப்பு வெடிமருந்துக் காலத்துச் சரக்கு, இப்போதைய தோட்டாவைப் போட்டுச் சுடுவது ஆபத்து. இரண்டாவது சேம்பர், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தின் நீளம். பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகள் பலவற்றில் 65 மி.மீ.தான் இருக்கும். 70 மி.மீ. தோட்டா அதில் உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். மூன்றாவது குழலின் அடியில் இருக்கும் பர்மிங்ஹாம் சோதனைச்சாலை முத்திரை. புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்த முத்திரை இருந்தால் விலை ஒன்று, இல்லாவிட்டால் வேறு. புதிதாக எது வந்தாலும் வராவிட்டாலும் இந்த மூன்றும் மாறப்போவதில்லை.

ரிவால்வர் விஷயத்தில் கணக்கு தம்பி ஒன்றை விட்டுவிட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வர், பிஸ்டலுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. கடையில் புதிதாக வாங்குகிறவர் அதைக் கட்டியாக வேண்டும். ஒரு லைசென்ஸ்தாரர் தன் சொந்தத் துப்பாக்கியை இன்னொரு லைசென்ஸ்தாரருக்கு விற்றால் இந்த வரி வராது. பிரபல் விலை ஏற ஏறப் பழைய கான்பூருக்கும் தானாக ஒரு தாங்கல் கிடைக்கிறது. தோட்டாவும் இரண்டுக்கும் ஒன்றேதான், .32 லாங். துப்பாக்கி பழசானால் தோட்டா கிடைக்காமல் போகும் என்கிற கவலை இதில் இல்லை. மடியும் சட்டகம் பலவீனம் என்கிறார், .32 மெதுவான தோட்டா, அந்தச் சட்டகத்துக்கு அது பாரமே இல்லை.

கொருக்குப்பேட்டை கணக்கு:
வரி ஏறினால் பழசு ஏறும் என்பது கார் விற்கும் சந்தைக்குச் சரி. அங்கே காசு இருந்தால் யாரும் வாங்கலாம். இங்கே முதலில் லைசென்ஸ் வேண்டும். சென்னையில் அதைக் கொடுப்பது போலீஸ் கமிஷனர். உயிருக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது என்று காட்டி, விசாரணை முடித்து, அலைந்து திரிந்துதான் ஒருவர் அதை வாங்குகிறார். அவ்வளவு பாடுபட்டவர் கடைசியில் வரியை மிச்சம் பிடிக்கப் பழையதை வாங்குவாரா? உயிருக்காக வாங்குவதில் யாரும் மிச்சம் பார்க்கமாட்டார்கள். புதியதற்கே போவார். 9 மி.மீ. போன்றவை தடை செய்யப்பட்ட வகை என்பதால் சாதாரண லைசென்ஸ்தாரர் பெரும்பாலும் .32 பக்கம்தான் வருவார், அங்கேயும் இப்போது பிரபல் நிற்கிறது. வட மாநிலங்களில் லைசென்ஸ்தாரர் அதிகம், அங்கே பழையதும் ஓடும். நம் ஊரில் வாங்கும் ஆள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஆள் இல்லாத இடத்தில் தாங்கல் விலை எங்கிருந்து வரும்?

பெரம்பூர் லோகோ:
அப்படிப் பார்த்தால் புது மாடல் விலையைக் குறைக்கிறது என்பதும் பாதி உண்மைதான் சார். ஆளே இல்லை என்றால் பிரபல் வராவிட்டாலும் விற்காது. நீங்களே லைசென்ஸ்தான் விலையை முடிவு செய்கிறது என்று சொல்கிறீர்கள், பழியை மட்டும் மாடல் மேல் போடுகிறீர்கள்.

நகைக்கடைக்காரர், வட்டிக்கடைக்காரர் என்று சௌகார்பேட்டைப் பக்கம் தலைமுறையாக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சுடுவதற்கு வாங்குவதில்லை, பெட்டியில் இருந்தால் போதும். அவர்களில் ஒருவருக்கு மலிவான, ஒழுங்கான ஆவணத்தோடு வருகிற கான்பூர் போதுமானது.

ராயபுரத்தான்:
எல்லோருக்கும் நன்றி. சௌகார்பேட்டையில் ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார் என்று கடைக்காரரும் சொன்னார். உடனே பேசி முடித்துவிடலாமா?

திருவொற்றியூர் சிப்பாய்:
அவசரப்படாதீர்கள் தம்பி. வாரிசு விண்ணப்பம் முடியாமல், லைசென்ஸ் அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் முன்பணம்கூட வாங்க வேண்டாம். தனியார் இருவருக்குள் கைமாறுவதற்கும் ஆயுதச் சட்டத்தில் முறை இருக்கிறது. வாங்குகிறவரின் பெயர், முகவரியோடு உரிய அதிகாரிக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும், 45 நாள் கழிந்த பிறகுதான் ஒப்படைக்கலாம். அவருடைய லைசென்ஸில் தனி அடையாள எண் ஏறியிருக்கிறதா, அவரிடம் ஏற்கனவே இரண்டு துப்பாக்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். வாரிசுச் சொத்து என்றாலும் உங்களுக்கும் இரண்டுதான் வரம்பு.

கொருக்குப்பேட்டை கணக்கு:
இதில் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ரிவால்வரை வைத்திருந்தால் ஏறும் என்று மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் நிலையத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்குவதில் துரு ஏறுகிறது. பிரபல் வைத்திருப்பவர்களே அதை மறுவிற்பனைக்குக் கொண்டுவரும் நாள் வரும், அன்றைக்கு உங்கள் மாடலுக்கு நேர்ப் போட்டி இன்னொரு பழைய துப்பாக்கியாகவே இருக்கும். ஒப்புதல் கிடைத்ததும் ரிவால்வரைக் கொடுங்கள். 12 போரை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரம்பூர் லோகோ:
12 போர் பற்றி நானும் அதையே சொல்கிறேன். ரிவால்வரைக் கொடுப்பதற்கு முன்னால் சிலிண்டரைப் பூட்டி, ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆடாவிட்டால் கடைக்காரர் சொல்லும் முதல் விலைக்கு இறங்காதீர்கள்.

ராயபுரத்தான்:
சரி, முத்திரையையும் சேம்பரையும் திங்கட்கிழமை கடையில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணனையும் கூட அழைத்துப் போகிறேன்.